நடத்துனர் சீட்டும் கோயில் உண்டியலும்

மும்பைக்கு நான் வந்து 45 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வந்த புதிதில் எனக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஆனாலும் பெஸ்ட் பேருந்தில் ஏறித் தைரியமாக மாட்டுங்கா போய்ச் சேர்ந்துவிடுவேன். நடத்துனரிடம் "மாட்டுங்கா" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். எவ்வளவு காசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையிலிருந்த கட்டண அட்டவணை அதைச் சொல்லிவிடும். சில்லறையைக் கொடுத்து, டிக் என்று ஓட்டை போட்ட சீட்டை வாங்கிக்கொள்வேன்.

இறங்கியதும் கோயிலுக்குப் போவேன். அங்கே உண்டியல் இருக்கும். அதன் முன்னால் எந்த அட்டவணையும் இல்லை. கால் ரூபாய் போடுகிறவரும் உண்டு, நூறு ரூபாய் போடுகிறவரும் உண்டு. யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதில்லை.

இரண்டும் பணம் வாங்கும் இடங்கள்தான். ஓர் இடத்தில் தொகையைச் சொல்லும் உரிமை வாங்குபவருடையது. மற்ற இடத்தில் அது கொடுப்பவருடையது. இந்த எளிய வேறுபாட்டை நம் சங்கத்தின் இணையதளத்தில் உள்ள 'பணம் செலுத்துக' என்ற பொத்தான் அறியாமல் போயிற்று. அதனால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட இருந்தது. ஒரு குழந்தையின் தமிழ்ப் படிப்பும் பாதியில் நின்றது. இதெல்லாம் கணினிக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல, இது நாம் எல்லோரும் யோசிக்க வேண்டியது என்பதற்காகவே ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

சென்ற பொங்கல் விழாவில் நடந்தது

சென்ற பொங்கல் விழாவின் மதிய விருந்துக்கு முதன்முறையாக இணையம் வழியாகவே முழுப் பதிவும் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உறுப்பினருக்கு 250 ரூபாய், விருந்தினருக்கு 350, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 150. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கணினித் துறையில் வேலை பார்க்கும் பெண், ஒரு காசு வாங்காமல் தன் இரண்டு வார விடுமுறை நாட்களைச் செலவழித்து அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தார். டோம்பிவிலியிலும் வாஷியிலும் மீரா ரோட்டிலும் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில் ரயில் மாறி மாறி வந்து சீட்டு வாங்கும் அவதி தீர்ந்தது என்று எல்லோரும் பாராட்டினோம். நானும் பாராட்டினேன்.

விழா முடிந்து கணக்குப் பார்த்தபோது இடித்தது. பதிவேட்டின்படி வந்திருக்க வேண்டிய தொகை 96,450 ரூபாய். பேமென்ட் கேட்வே நிறுவனம் அனுப்பிய கணக்குத் தாளில், அவர்களுடைய பிடித்தம் போவதற்கு முன்பு, இருந்த தொகை 84,201 ரூபாய். 12,249 ரூபாயைக் காணோம்.

செயற்குழுக் கூட்டத்தில் பொருளாளரைப் பார்த்துக் கேள்விகள் கிளம்பின. அவர் 14 ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருப்பவர். இணையமெல்லாம் இல்லாத நாட்களில் சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, லோக்கல் ரயிலில் தொங்கியபடி வீடு வீடாகப் போனவர். கேட்வே நிறுவனம் பணத்தைப் பல தவணைகளாக, பிடித்தம் போக அனுப்பியிருந்தது. அதைப் பதிவேட்டோடு பொருத்திக் காட்ட அவரால் அன்று முடியவில்லை. "ஒவ்வொருத்தருக்கும் முழுப் பணத்துக்கும் ரசீது போயிருக்கே, அப்புறம் பணம் எங்கே?" என்றார் ஒருவர். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார், மனுஷன்தான் பண்ணுவான்" என்றார் இன்னொருவர்.

நான் சங்கத்தின் கௌரவத் தணிக்கையாளன். 33 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். நானாவது "பொறுங்கள், முதலில் வரிக்கு வரி சரிபார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "வித்தியாசம் இருக்கிறதே, விளக்கம் வேண்டுமே" என்று நானும் சேர்ந்து கேட்டேன். மறுநாள் காலை அவர் தம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து 12,249 ரூபாய்க்கு ஒரு காசோலையும், அதோடு ஒரு வரி விலகல் கடிதமும் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஒற்றை ரூபாய் சொன்ன கதை

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 84,201. நம் விலைகள் மூன்றும் 50-இன் மடங்குகள். எத்தனை பேர் வந்தாலும் கூட்டுத்தொகை 50-இல்தான் முடிய வேண்டும், இல்லையென்றால் 00-இல் முடிய வேண்டும். இந்த ஒற்றை ரூபாய் எங்கிருந்து வந்தது?

அடுத்த இரண்டு வாரம், வங்கியில் வருடக் கடைசியில் உட்கார்ந்தது போல உட்கார்ந்து, பதிவேட்டையும் கணக்குத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். 23 பதிவுகளில் தொகை பொருந்தவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு குடும்பத்தில் பெரியவர் இருவர், குழந்தைகள் மூவர். 500-ம் 450-ம் சேர்ந்து 950 ரூபாய். ரசீதில் 950 என்றே இருக்கிறது. கேட்வேக்கு வந்ததோ 500 ரூபாய்தான்.

அந்தக் குடும்பத் தலைவரைத் தொலைபேசியில் கேட்டேன். "முதலில் நாங்க ரெண்டு பேர்னு போட்டேன் சார். அப்புறம் பசங்களும் வர்றேன்னாங்க. மறுபடி பின்னாடி போய் மூணு பேரைச் சேர்த்துட்டுப் பட்டனை அழுத்தினேன்" என்றார். அங்கேதான் முடிச்சு. எண்ணிக்கையை மாற்றியதும் பதிவேடு மாறிவிட்டது. பொத்தானுக்குக் கொடுத்த தொகை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. ரசீதோ வந்த பணத்தைப் பார்த்து எழுதப்படவில்லை, பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டது. இப்படி 22 குடும்பங்கள். ஒருவரும் ஏமாற்றவில்லை. குறைந்த தொகை 10,850 ரூபாய்.

இருபத்து மூன்றாவது பதிவுதான் அந்த ஒற்றை ரூபாய். நான்கு விருந்தினர், 1,400 ரூபாய். வந்தது 1 ரூபாய். பதிவு செய்தது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். கூப்பிட்டுக் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டான். "அங்கிள், அந்தப் பக்கத்துல தொகை வெளியிலேயே எழுதியிருந்துச்சு. மாத்த முடியுமான்னு சும்மா போட்டுப் பார்த்தேன். ஏத்துக்காதுன்னு நினைச்சேன், ஏத்துக்கிச்சு. அப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு." அவன் அப்பா அன்றே மீதி 1,399 ரூபாயைக் கட்டிவிட்டார். 10,850-ம் 1,399-ம் கூட்டிப் பாருங்கள்: 12,249. ஒரு பைசா பிசகவில்லை.

அந்தப் பையனே என் மடிக்கணினியில் எனக்குச் செய்து காட்டினான். உலாவியில் பக்கத்தின் உள்ளெழுத்தைத் திறந்தான், தொகை என்ற இடத்தில் இருந்த எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதினான், பொத்தானை அழுத்தினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பென்சிலால் எழுதிய காசோலை

இதில் உள்ள சூட்சுமத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். இணையப் பக்கம் என்பது நம் சர்வரிலிருந்து கிளம்பி உறுப்பினரின் கணினிக்கோ செல்பேசிக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு தாள். அது அவர் கைக்குப் போன பிறகு அதில் எழுதியிருப்பதை மாற்ற அவரால் முடியும். அதில் தொகையை எழுதி, "இதையே கேட்வேயிடம் சொல்" என்று பொத்தானுக்குக் கட்டளையிடுவது, தொகையைப் பென்சிலால் எழுதிய காசோலையை ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதற்குச் சமம்.

"முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே, அது காக்காதா?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அந்தப் பூட்டு வழியில் மூன்றாம் மனிதர் கை வைக்காமல் காக்கும். தாள் யார் மேசையில் இருக்கிறதோ அவர் கையை அது கட்டிப்போடாது.

இது நம் சங்கத்துக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. இணைய வியாபாரத்தின் தொடக்க காலத்திலேயே கண்டறியப்பட்ட ஓட்டை இது. அமெரிக்காவில் சிறு வியாபாரிகள் பேபால் பொத்தானைத் தங்கள் பக்கங்களில் ஒட்டிக்கொண்ட நாட்களில், பொருளின் பெயரும் தொகையும் மறைவுப் புலங்களாகப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தன. மறைவு என்றால் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் பொருள். மாற்ற முடியாது என்று பொருளல்ல. அதனால்தான் பொத்தானின் விவரங்களைச் சங்கேதமாக்கித் தரும் வசதி வந்தது. வந்த தொகையும் நாணயமும் சரிதானா என்று விற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்நிறுவனத்தின் வழிகாட்டிக் குறிப்புகளும் சொல்லின. இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றச் சேவையை அந்நிறுவனம் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. அது சொன்ன பாடம் மட்டும் பழையதாகிவிடவில்லை.

சரியான வழி என்ன? நம் நடத்துனர் செய்வதுதான். உறுப்பினர் "பெரியவர் இருவர், குழந்தைகள் மூவர்" என்று மட்டும் சொல்லட்டும். தொகையைச் சொல்ல வேண்டாம். நம் சர்வரில் உள்ள விலைப் பட்டியலைப் பார்த்து நம் சர்வரே கூட்டட்டும். அந்தத் தொகைக்குக் கேட்வேயிடம் நேரடியாக ஓர் ஆர்டரைப் பதிவு செய்து, ஆர்டர் எண்ணை வாங்கட்டும். உறுப்பினரின் பக்கத்துக்கு அந்த எண் போனால் போதும். பொத்தானை அழுத்தும்போது கேட்வே அந்த எண்ணுக்குரிய தொகையைத்தான் கேட்கும். பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் அது மாறாது. எண்ணிக்கையை மாற்றினால் பழைய ஆர்டர் தள்ளுபடியாகி, புதிய ஆர்டர் பிறக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்வே அனுப்பும் மின் கையொப்பத்தை நம் சர்வர் சரிபார்க்க வேண்டும். ஆர்டர் எண், தொகை, நாணயம் மூன்றும் பொருந்தினால்தான் ரசீது.

இதில் இரண்டு நுணுக்கங்கள். இந்தியாவில் பெரிதும் பயன்படும் ரேஸர்பே போன்ற கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் கேட்கும். 250 ரூபாய் என்றால் 25000 என்று அனுப்ப வேண்டும். மறந்து 250 என்று அனுப்பினால் வசூலாவது இரண்டரை ரூபாய்! இரண்டாவது, பணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே உறுப்பினரின் ரயில் சிக்னல் இல்லாத இடத்துக்குள் போய்விடலாம். பணம் போய்விடும், 'நன்றி' பக்கம் வராது. அவர் பதறிப்போய் மறுபடி கட்டுவார். ஆகவே கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பைக் கொண்டுதான் ரசீது எழுத வேண்டும்; உறுப்பினரின் திரையை நம்பி எழுதக் கூடாது. ஓர் ஆர்டருக்கு ஒரே பணம் என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

சுவரில் ஒட்டிய க்யூஆர்

"இவ்வளவு தொல்லை எதற்கு? யுபிஐ க்யூஆர் ஒன்றை அச்சடித்து வாசலில் ஒட்டிவிடுவோம்" என்கிறார்கள் சிலர். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016-இல் யுபிஐயைக் கொண்டுவந்த பிறகு பூக்காரம்மா முதல் புடவைக் கடை வரை இந்த அட்டை வந்துவிட்டது. நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் ஒரு வரி எழுத்துதான். பெறுபவரின் முகவரி, பெயர், தொகை, நாணயம், குறிப்பு, ஓர் அடையாள எண் என்று அதில் பல இடங்கள் உண்டு. தொகை எழுதப்பட்டிருந்தால் செயலி அதைத் தானே நிரப்பிக் காட்டும். எழுதப்படாவிட்டால் கட்டுபவர் தானே தட்ட வேண்டும். வாசலில் ஒட்டும் அட்டையில் தொகை இருக்காது. அது உண்டியல். உண்டியலை வைத்துக்கொண்டு பேருந்துச் சீட்டு விற்க முடியாது.

விருந்துக்கும் வகுப்புக்கும் யுபிஐ வேண்டுமென்றால், ஒவ்வொரு பதிவுக்கும் அதற்குரிய தொகையும் தனி அடையாள எண்ணும் கொண்ட க்யூஆரை அந்தந்த நேரத்தில் உண்டாக்கித் தர வேண்டும். அப்போதும் கட்டியவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தில் எதையும் மாற்றலாம். 12 இலக்கப் பரிவர்த்தனை எண் நம் வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே சான்று. மூத்த உறுப்பினர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை. "சங்கம் பணத்தைத் திருப்பித் தருகிறது, எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது கேட்டால், அவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

வராமல் போன குழந்தை

இதுவரை சொன்னது கண்டிப்பு. கண்டிப்பு மட்டும் போதும் என்று நான் நினைத்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் 1,200 ரூபாய். இந்த ஆண்டு முதல் அதையும் பொத்தானில் சேர்த்தோம். தாராவியிலிருந்து ஒரு தாய் தம் இரண்டு பிள்ளைகளை அழைத்து வருவார். மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்பவர். சென்ற ஆண்டு வரை மாதா மாதம் பொருளாளரிடம் 200 ரூபாயைக் கொடுப்பார். சில மாதம் 100. பொருளாளர் அதை வாங்கி, ஒரு சொல்லும் பேசாமல், செயற்குழு அனுமதித்திருந்த உதவி நிதியிலிருந்து மீதியை ஈடுகட்டி ரசீது எழுதிக் கொடுப்பார். அந்த அம்மாளுக்கும் அவருக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பொத்தானுக்கு அது தெரியாதே! 2,400 ரூபாயை ஒரே தடவையில் கேட்டது. தவணை இல்லை, சலுகை இல்லை, பேச ஆளும் இல்லை. அந்த அம்மாள் 1,200 ரூபாயைப் புரட்டி மூத்தவனுக்கு மட்டும் கட்டினார். சின்னவள் வருவதில்லை. அவள் அ, ஆ முடித்து உயிர்மெய் எழுத்துக்கு வந்திருந்தாள். ஆசிரியை கேட்டபோது, "அடுத்த வருஷம் சேர்க்கிறேங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

விருந்துப் பொத்தான் யார் என்ன தொகை சொன்னாலும் வாங்கிக்கொண்டது. வகுப்புப் பொத்தான் யாருக்கும் ஒரு ரூபாய் குறைக்கத் தெரியாமல் நின்றது. இரண்டும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். தொகை ஆளுக்கு ஆள் மாறுபடலாம், மாறுபடத்தான் வேண்டும். அதை யார் தீர்மானிப்பது, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. சலுகையைப் பொருளாளர் தம் பதிவேட்டில் எழுதட்டும். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அந்தத் தொகைக்கான இணைப்பு செல்பேசிக்குப் போகட்டும். அவர்கள் பொத்தானை அழுத்தும்போது 200 என்றே காட்டட்டும். 'சலுகை பெறுபவர்' என்ற முத்திரை ரசீதில் வேண்டாம். இதைச் செய்வது கடினமே அல்ல. சர்வரில் கூட்டும் முறை வந்துவிட்டால், விலைப் பட்டியலோடு இன்னொரு பத்தி சேர்ப்பதுதான்.

உண்டியலுக்கும் ஒழுங்கு உண்டு

நன்கொடையின் கதை வேறு. அங்கே தொகையைக் கொடுப்பவர்தான் எழுத வேண்டும். 501, 1,001 என்று நாமே பெட்டிகளைக் காட்டி, மற்றதைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டால், 51 ரூபாய் கொடுக்க வந்தவர் கூசிப்போவார். வெறும் கட்டம் போதும்.

அதைவிட ஒரு சங்கடமான விஷயம். நம் விருந்துப் பக்கத்தின் அடியில் 'கட்டட நிதிக்கு 100 ரூபாய்' என்ற வரி இருந்தது. அதற்கு முன்னால் டிக் குறி முதலிலேயே போட்டு வைக்கப்பட்டிருந்தது. கவனிக்காதவர்கள் சிலர் அதையும் சேர்த்துக் கட்டினார்கள். அது தனிக் கணக்குக்குப் போனதால் மேலே சொன்ன கூட்டலில் வரவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வாங்குபவரின் சம்மதம் இல்லாமல் கூடையில் எதையாவது சேர்த்துவிடுவதை, தர்ம நிதியாக இருந்தாலும் சரி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கண்டிக்கின்றன. இணைய வியாபாரிகள் செய்யும் 13 வகைத் தந்திரங்களை அவை பட்டியலிடுகின்றன; இது அவற்றில் ஒன்று. தமிழ்ச் சங்கம் அந்தப் பட்டியலில் இருக்கலாமா? கொடை என்றால் மனமறிந்து கொடுப்பது. கொடுத்தவருக்கே தெரியாமல் எடுத்ததற்கு வேறு பெயர்.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்நாட்டுக் குடிமக்களாகவும் ஆகிவிட்டார்கள். அயல்நாட்டுக் குடிமகன் தரும் நன்கொடை 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்குரிய பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அங்கே வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. ஆகவே நன்கொடைக் கட்டத்துக்கு மேலே 'நீங்கள் இந்தியக் குடிமகனா?' என்று ஒரு கேள்வி இருப்பது அவசியம். தொகையைத் திறந்து வைக்கலாம். வாசலைத் திறந்தே போட்டுவிடக் கூடாது.

எதிர்ப்பவர்களுக்கு

"நமக்குள் எதற்கு இவ்வளவு கண்டிப்பு? எல்லோரும் நம் சொந்தக்காரர்கள் மாதிரி" என்று ஒரு மூத்த உறுப்பினர் என்னிடம் வருத்தப்பட்டார். ஐயா, கள்ளனைப் பிடிப்பதற்காக மட்டும் கணக்கு எழுதப்படுவதில்லை. கணக்கு சரியாக இருந்தால்தான் நல்லவன் தலை நிமிர்ந்து நடக்க முடியும். நம் பொத்தான் சரியாக இருந்திருந்தால் அன்று யாரும் யாரையும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பழையபடி ரொக்கத்துக்கே போய்விடலாம்" என்பது இன்னொரு கட்சி. அதுவும் எனக்கு உடன்பாடில்லை. விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வரும் இளம் குடும்பங்கள் இந்தப் பொத்தானால்தான் நம்மோடு சேர்ந்திருக்கின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

"செலவாகுமே" என்கிறார்கள். இந்தியாவில் உள்ள சில கேட்வே நிறுவனங்கள் ஆயத்தப் பக்கங்களையே தருகின்றன. அதில் உருப்படிகளுக்கு நாம் நிலையான விலை குறித்து வைக்கலாம். கட்டுபவர் எண்ணிக்கையை மட்டும் தேர்ந்தெடுப்பார்; கூட்டல் அவர்கள் பக்கம் நடக்கும். நன்கொடைக்குக் 'கொடுப்பவர் விரும்பும் தொகை' என்று தனியே வைக்கலாம். பெரிய நிரல் எழுதும் வசதி இல்லாத சங்கத்துக்கு அதுவே போதும்.

பொதுக்குழு முன் என் யோசனைகள்

ஒன்று: சந்தா, விருந்து, வகுப்பு ஆகியவற்றுக்கான தொகை நம் சர்வரிலோ கேட்வேயின் ஆயத்தப் பக்கத்திலோ தீர்மானிக்கப்பட வேண்டும். உறுப்பினரின் திரையிலிருந்து வரும் தொகையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

இரண்டு: உண்மையில் வந்த தொகையைப் பார்த்துத்தான் ரசீது எழுதப்பட வேண்டும்.

மூன்று: நன்கொடைக்குத் தனிப் பக்கம், வெறும் கட்டம். முன்கூட்டிப் போட்ட டிக் குறி எங்கும் கூடாது.

நான்கு: வகுப்புக் கட்டணத்துக்குத் தவணையும், பொருளாளர் தனியே அனுப்பும் சலுகை இணைப்பும் உடனே வேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும் ஏழு நாட்களுக்குள், பொருளாளரோடு இன்னும் ஒருவர் உட்கார்ந்து பதிவேட்டையும் கேட்வே கணக்கையும் வங்கிக் கணக்கையும் பொருத்திக் கையெழுத்திட வேண்டும். அந்த இன்னொருவராக இருக்க நான் தயார்.

புதிய பக்கத்தை அமைக்க அதே பெண் முன்வந்திருக்கிறார். தவறு தன்னுடையது என்று அவர் வருந்தியபோது, பரிசோதித்துப் பார்க்காமல் திறந்து வைத்தது நாங்கள்தானே என்றேன். அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையனை அவருக்குத் துணையாகப் போட்டிருக்கிறோம். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு அடைக்கவும் தெரியட்டும்.

22 குடும்பங்களும் விஷயம் தெரிந்ததும் பாக்கியில்லாமல் கட்டிவிட்டன. பொருளாளரின் காசோலை வங்கியில் போடப்படவே இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். காப்பி கொடுத்தார்கள். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. காசோலையை வாங்கி மேசை மேல் வைத்தார். "கணக்கு சரியாயிடுச்சா? சந்தோஷம் சார்" என்றார். பொறுப்புக்குத் திரும்பி வருகிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அந்தத் தாராவிக்காரம்மாவோட சின்னப் பொண்ணு வர்றாளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டேன். மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். அதனால் இந்தப் பக்கங்களில் கேட்கிறேன். அவரிடம் நான் நடந்துகொண்ட முறை தவறு. செயற்குழுவும் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்து அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வந்தால் அவர் செய்யும் முதல் வேலை எது என்று எனக்குத் தெரியும். அந்தச் சலுகை இணைப்பு தயாராக இருக்கட்டும்.